வாங்கியவர்கள் எதை மாற்ற நினைக்கிறார்கள்? டர்பனில் சொகுசு செடான் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் நம் குடும்பங்களுக்குள் வரும் முதல் சொகுசுக் கார் பெரும்பாலும் ஒரு செடான்தான். பெரிய எஸ்யூவிக்குக் கை எட்டாது. சின்ன ஹாட்ச்பேக்கில் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு ஜோகனஸ்பர்க் வரை போவது சிரமம். ஆகவே மெர்சிடிஸ் சி கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4 என்ற மூன்றுக்குள் மனம் வந்து நிற்கும். லெக்சஸ் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் சிலர் உண்டு. புதிதாக வாங்கப் போனால் இந்த வகை வண்டிகளின் விலை இன்று பத்து லட்சம் ரேண்டை ஒட்டியும் அதைத் தாண்டியும் நிற்கிறது. அதனால் இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் சில ஆண்டுகள் ஓடிய பழைய வண்டிகளைப் பற்றித்தான். நம்மில் பலர் வாங்குவதும் அவற்றைத்தான்.

இவற்றின் நிறைகளை வைத்து முடிவெடுக்க முயன்றால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். மூன்றும் நன்றாக ஓடும், மூன்றும் பார்க்க அழகு, மூன்றுக்கும் வீட்டு வாசலில் மதிப்பு உண்டு. டிக்கியின் கொள்ளளவைக்கூட மூன்று நிறுவனங்களும் பேசி வைத்ததுபோல் 480 லிட்டர் என்றே எழுதின. வேறுபாடு தெரிவது குறைகளில்தான். அதனால் வாங்க நினைப்பவர்கள் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இது: ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் போய், "வண்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். "இந்த வண்டியில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது வரும் பதிலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள் ஒரு பக்கம், எவ்வளவு கொடுத்தாலும் திருத்த முடியாத குறைகள் இன்னொரு பக்கம். முதல் வகையைப் பேரம் பேசும்போது விலையில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையோடுதான் நீங்கள் ஐந்து, ஆறு ஆண்டுகள் குடித்தனம் நடத்தவேண்டும்.

டயரும் ஸ்டெப்னியும்

அந்தக் கேள்விக்கு எல்லோர் வாயிலும் முதலில் வருவது டயர்தான். 3 சீரிஸில் 2012 முதல் வந்த எஃப்30, 2019 முதல் வந்த ஜி20 ஆகிய இரண்டு தலைமுறைகளும் இங்கே ரன்ஃபிளாட் டயரோடு விற்கப்பட்டவை. காற்று முழுவதும் இறங்கிவிட்டாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டி, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரலாம். வழிப்பறிக்குப் பயந்து இரவில் வண்டியை ஓரங்கட்ட யோசிக்கும் நாட்டில் இது சின்ன வசதி அல்ல. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த வசதியைத் தருவது டயரின் தடித்து விறைத்த பக்கச்சுவர். சாலையில் ஒரு குழி வந்தால் சாதாரண டயர் அமுங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். விறைத்த டயரோ அடியை ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும், அங்கிருந்து நம் முதுகெலும்புக்கும் அனுப்பிவைக்கும். குவாசுலு நாட்டாலில் ஒரு வாரம் அடைமழை பெய்தால் போதும், நேற்றுவரை இல்லாத இடத்தில் இன்று குழி இருக்கும். ரிம் விரிசல் விட்டால் மெதுவாகக் காற்று கசியும். காற்று இல்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டைப் பஞ்சர் ஒட்ட டயர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், புதிது வாங்கு என்பார்கள். அதன் விலையும் சாதாரண டயரைவிடக் கூடுதல்.

சி கிளாஸ்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2014 முதல் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரத்து ஆலையில் தயாரான டபிள்யூ205 தலைமுறை வண்டிகளில் முழு அளவு ஸ்டெப்னியைக் காண்பது அரிது. டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் பெரும்பாலும் ஒரு காற்றுப் பம்பும் பசைப் புட்டியும்தான் இருக்கும். சின்ன ஆணி குத்தினால் அந்தப் பசை உதவும். குழியில் இறங்கிப் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆடி ஏ4 வாங்கப் போகிறவர்களும் அதே பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. வண்டிக்கு வண்டி மாறும்.

ஸ்டெப்னி இல்லாமல் வண்டி விற்பதில் எனக்குக் கோபமே உண்டு. ஜெர்மானியச் சாலைகளுக்குப் பொருந்தும் ஒரு சிக்கனத்தை இந்த நாட்டுச் சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் போகும் என்3 சாலையில் மூயி ரிவரைத் தாண்டிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு டயர் கிழிந்தால், பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இழுவை வண்டிக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் எந்தச் சொகுசையும் மறக்கடித்துவிடும்.

நல்லவேளையாக இது திருத்தக்கூடிய குறை. ரன்ஃபிளாட் தேய்ந்ததும் நல்ல சாதாரண டயர் நான்கைப் போட்டு, ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றையும் ஜாக்கியையும் தனியாக வாங்கி டிக்கியில் பட்டை போட்டுக் கட்டி வைப்பவர்கள் நிறைய பேர். டிக்கியில் இடம் குறையும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடவேண்டும். அப்படி மாற்றியவர்கள், "வண்டியே வேறு வண்டியாகிவிட்டது" என்று சொல்வதை நான் நம்புகிறேன். ஓட்டிப் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.

சக்கரத்தின் அளவையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மூன்று வண்டிகளுக்கும் 17 அங்குலத்தில் 225/50 டயர் உண்டு. இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைச் சொல்கிறது. 225இல் பாதி என்றால் 112 மில்லிமீட்டர் ரப்பர். ஏஎம்ஜி லைன் என்ற ஸ்போர்ட்ஸ் தோற்றத்தில் வந்த சி கிளாஸின் 18 அங்குலச் சக்கரத்தில் பின்பக்க டயர் 245/40, அதாவது 98 மில்லிமீட்டர். குழிக்கும் ரிம்முக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்துபோகிறது. மேலும் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று இருந்தால் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்க முடியாது. இளைஞர்களுக்கு 19 அங்குலத்தின்மேல் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 17 அங்குலச் சக்கரம் போட்ட எளிய வண்டி சந்தையில் கண்ணில் பட்டால், அழகு குறைந்தது என்று தள்ளிவிட வேண்டாம். இந்த ஊருக்கு அதுதான் சரியான வண்டி.

பின்சீட்டு

இங்கேதான் திருத்த முடியாத குறைகள் தொடங்குகின்றன. வாங்கும்போது யாரும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வாங்குபவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிறார், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கிறார், மயங்கிவிடுகிறார். முதல் பூசம் காவடிக்குக் குடும்பத்தோடு உம்கெனி சாலைக் கோயிலுக்குப் போகும் நாளில்தான் பின்சீட்டின் குணம் தெரியவரும்.

எண்களைப் பார்த்தால் சி கிளாஸ் வெல்லவேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டபிள்யூ205இல் 2840 மில்லிமீட்டர். ஏ4இல் 2820. எஃப்30இல் 2810. உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. சி கிளாஸின் கூரை பின்னால் அழகாகச் சரிந்து இறங்குகிறது. அந்த அழகுக்கு விலை கொடுப்பது பின்னால் இருப்பவரின் தலை. ஏ4இன் கூரை கொஞ்சம் நேராக ஓடுகிறது. எஞ்சினைச் சற்று முன்னால் தள்ளி வைத்திருப்பதால் உள்ளே முழங்காலுக்கும் தாராளம் தெரிகிறது. ஆறடி ஆள் ஓட்ட, அவருக்குப் பின்னால் இன்னொரு ஆறடி ஆள் நிம்மதியாக உட்கார வேண்டுமானால் மூன்றில் ஏ4தான் என் தேர்வு.

நடுவில் உட்காருபவருக்கு மூன்றுமே தண்டனைதான். 3 சீரிஸும் சி கிளாஸும் பின்சக்கர இழுவை வண்டிகள், ஆகவே தரையின் நடுவே ஒரு மேடு ஓடுவதைத் தவிர்க்க முடியாது. ஏ4 பெரும்பாலும் முன்சக்கர இழுவை. இருந்தும் அதே உடலில் நான்கு சக்கர இழுவையும் பொருந்தவேண்டும் என்பதற்காக அந்த மேடு அங்கேயும் இருக்கிறது. ஐந்து பேர் தினமும் போகும் குடும்பம் இந்த மூன்றில் எதையும் வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

அடுத்து, ஏறி இறங்குவது. என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. புடவையோடு தாழ்வான செடானில் ஏறும்போது அவர் முதலில் முதுகைக் காட்டி உட்காருவார், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே தூக்கி வைப்பார். இரண்டாவது கால், கதவுத் தூணின் அடிப்பகுதியில் இடிக்கும். அங்கே திறப்பு ஒரு சாண் அளவுக்குக் குறுகிப்போயிருக்கிறது. இறங்கும்போது ஒரு கை கூரைப் பிடியைத் தேடும், இன்னொரு கை முன்சீட்டின் தோளைப் பிடிக்கும். ஒரே முயற்சியில் எழ முடியாது. இந்த விஷயத்தில் 3 சீரிஸ்தான் மிகவும் தாழ்வு. ஓட்டுபவருக்குச் சுகம் தருவதும் அந்தத் தாழ்வுதான், வயதானவருக்குத் துன்பம் தருவதும் அதுதான். எந்தப் பட்டறையாலும் இதை மாற்ற முடியாது. வீட்டுப் பெரியவரை விற்பனையிடத்துக்கு அழைத்துக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

டிக்கிக்கு 480 லிட்டர் என்று சொன்னேன். அது உள்ளே இருக்கும் இடத்தின் கணக்கு. உள்ளே போகும் வாயின் கணக்கு வேறு. செடானின் டிக்கி மூடி சின்னது. பால்குடமும் பூத்தட்டும் தாராளமாகப் போகும். அன்னதானத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பிரியாணிச் சட்டி வாயிலேயே சிக்கிக்கொள்ளும். சட்டியின் விட்டத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே அளந்துகொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்சீட்டு மடங்குமா என்பதையும் பாருங்கள். எஃப்30இல் அது தனிக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளவேண்டிய வசதியாக இருந்தது. ஒரே ஆண்டு, ஒரே நிற வண்டிகள் இரண்டில் ஒன்று மடங்கும், இன்னொன்று மடங்காது. 2021இல் வந்த புதிய சி கிளாஸில், வண்டி நீண்டும் டிக்கி 455 லிட்டராகச் சுருங்கிவிட்டது.

எஞ்சின், கியர், மேடு

பிஎம்டபிள்யூ வாங்குபவருக்கு ஆண்டுதான் எல்லாம். தொடக்க கால எஃப்30 320ஐ வண்டிகளில் இருப்பது என்20 என்ற இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். 135 கிலோவாட், நல்ல இழுவை, குறை சொல்ல முடியாத ஓட்டம். ஆனால் அதன் டைமிங் செயினை, அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலியை, தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் நாளாவட்டத்தில் நொறுங்கும் பழக்கம் உடையவை. நொறுங்கிய துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழும், செயின் தளரும். அசட்டையாக விட்டால் எஞ்சினே போய்விடும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து நின்று கேளுங்கள். வேகம் கூடக் கூட ஏறும் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். 2015இன் பிற்பகுதியில் வண்டியைப் புதுப்பித்தபோது பி48 என்ற புதிய எஞ்சின் வந்தது. அதற்குப் பிந்தைய 320ஐ வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருப்பேன். அதே சமயத்தில் வந்த 318ஐயில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின், ஒன்றரை லிட்டர், 100 கிலோவாட். ஊருக்குள் போதும். சொகுசுக் கார் என்று வாங்கிவிட்டு மூன்று சிலிண்டரின் உறுமலைக் கேட்க மனம் ஒப்பாதவர்கள் முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

பிஎம்டபிள்யூவில் யாரும் மாற்ற நினைக்காத ஒன்று உண்டென்றால் அது அதன் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பத்து ஆண்டு ஓடிய வண்டியில்கூட வழுக்கிக்கொண்டு போகும். எஃப்30 வண்டிகள் பிரிட்டோரியாவுக்கு அருகே ரோஸ்லின் ஆலையில் தயாரானவை. 1973 முதல் இயங்கும் அந்த ஆலை 2018இல் 3 சீரிஸை நிறுத்திவிட்டு எக்ஸ்3க்கு மாறியது. அதற்குப் பிறகு வந்த ஜி20 எல்லாம் இறக்குமதி.

சி 180இல் 1.6 லிட்டர், 115 கிலோவாட். தனியாக ஓட்டுபவருக்கு நிறைவாக இருக்கும். நான்கு பேரும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு வான் ரீனன் கணவாயில் ஏறும்போது அதன் மூச்சு தெரியும். சி 200 வாங்கியவர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை. 2018இல் புதுப்பித்த வண்டிகளில் ஒன்பது வேக கியர்பாக்ஸ். அதற்கு முந்தைய ஏழு வேகத்தைவிட அது நெடுஞ்சாலையில் அமைதி. ஆனால் காற்று சஸ்பென்ஷன் பொருத்திய பழைய சி கிளாஸ் கிடைத்தால், ஓட்டச் சுகமாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. வயது ஏற ஏற காற்றுப் பைகள் கசியத் தொடங்கும், அதைச் சரிசெய்யும் செலவு பெரிது. இரும்புச் சுருள் சஸ்பென்ஷன் போதும்.

ஆடியில் குறை கியர்பாக்ஸில்தான். ஏழு வேக எஸ் டிரானிக், இரட்டை கிளட்ச் வகை. நெடுஞ்சாலையில் மின்னல். ஆனால் டர்பன் வீடுகளின் டிரைவ்வேக்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ரிசர்வாயர் ஹில்ஸில் கேட்டுக்குள் பின்னோக்கி மேடேறும்போது, அங்குலம் அங்குலமாக நகரவேண்டிய இடத்தில், இரட்டை கிளட்ச் தயங்கும், பிறகு ஒரு குதி குதிக்கும். காலை நெரிசலில் மேட்டில் ஊர்ந்து போகும்போதும் அப்படியே. கிளட்ச் தேய்வதும் இதனால்தான். மேட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்க்காமல் ஏ4 வாங்க வேண்டாம். சமதரையில் இருப்பவர்களுக்கு, மெர்பேங்க் போல, இது ஒரு பொருட்டே அல்ல.

டீசல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஜி20இன் 320டி 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையோடு என்3 மேடுகளைத் தூசி தட்டிவிட்டு ஏறும், ஜோகனஸ்பர்க் வரை எண்ணெய் போடாமல் போய்ச் சேரும். ஆனால் புகைவடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று ஓடும் வண்டிக்கு பெட்ரோல்தான் நல்லது.

திரையும் பொத்தானும்

பழைய வண்டி வைத்திருப்பவர், "போன் இணைய மாட்டேன் என்கிறது" என்பார். புதிய வண்டி வைத்திருப்பவர், "எல்லாவற்றையும் திரைக்குள் புதைத்துவிட்டார்கள்" என்பார். இரண்டில் முதலாவது குறை அற்பம். எஃப்30இலும் டபிள்யூ205இலும், போனை வண்டித் திரையோடு இணைக்கும் கார்ப்ளே இல்லாத வண்டிகளுக்கு வெளியில் பொருத்தித் தருகிறார்கள், ஒரு நாள் வேலை. இரண்டாவது குறைக்கு மருந்து இல்லை. 2021இன் புதிய சி கிளாஸில் 11.9 அங்குலத் திரை ஒன்று நடுவில் நிமிர்ந்து நிற்கிறது, ஏசியின் குளிரைக் கூட்டவும் அதையே தொடவேண்டும். ஸ்டியரிங்கில் இருப்பவையும் அழுத்தும் பொத்தான்கள் அல்ல, தடவும் பட்டைகள். வியர்த்த விரலுக்கு அவை சரியாகக் கட்டுப்படுவதில்லை. 3 சீரிஸும் 2022இல் ஏசி பொத்தான்களை எடுத்துவிட்டு வளைந்த திரைக்கு மாறியது. வண்டி ஓட்டும்போது கண் சாலையில் இருக்கவேண்டும், கை தடவிப் பார்த்தே பொத்தானைக் கண்டுபிடிக்கவேண்டும். இந்த எளிய நியாயத்தை விட்டுக்கொடுத்தது வருத்தம் தருகிறது. அந்த வகையில் 2019 முதல் 2022 வரை வந்த ஜி20, இரண்டு உலகத்தின் நன்மையும் சேர்ந்த வண்டி. கார்ப்ளேயும் உண்டு, ஏசிக்குத் தனிப் பொத்தானும் உண்டு, சுழற்றும் குமிழும் உண்டு.

பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூட்டை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்காவும் இருந்தது. வாங்கிய வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் கம்பிச் சுருளுக்கு மாதாமாதம் காசு என்பது எந்த நாட்டு வாடிக்கையாளருக்கும் பிடிக்கவில்லை. 2023இல் கைவிட்டார்கள். நல்லது.

சி கிளாஸின் நடுப்பகுதியில் பளபளக்கும் கறுப்புப் பலகை. டர்பன் வெயிலில் அதன்மேல் ஒவ்வொரு விரல்ரேகையும் ஒவ்வொரு கீறலும் தெரியும். மெல்லிய ஒட்டுத்தாள் போட்டு மூடினால் தீர்ந்தது. கட்டுமான நேர்த்தியில் ஏ4தான் முதல். எதைத் தொட்டாலும் கிறீச்சிடாது.

இங்கே விற்ற பல வண்டிகள் பளபளப்பான சின்னத்தோடு மொட்டையாக வந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். பின்பக்கக் கேமராகூடத் தனிக் காசுப் பட்டியலில் இருந்தது. பக்கத்து வீட்டு வண்டியில் இருக்கிறதே என்று நினைத்து வாங்கிவிட்டு, தன் வண்டியில் இல்லை என்று பிறகு நொந்துகொள்பவர்கள் உண்டு.

லெக்சஸ் என்ற நான்காவது வழி

மூன்று ஜெர்மானிய வண்டிகளுக்கு நடுவே லெக்சஸ் இஎஸ்ஸை மறந்துவிடுகிறோம். அது முன்சக்கர இழுவை, பின்னால் கால் நீட்டலாம், தரை மேடும் தாழ்வு, கதவுத் திறப்பும் அகலம். பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு அதுவே ஏற்றது. எஞ்சின் டொயோட்டாவுடையது. டொயோட்டாவின் பிராஸ்பெக்டன் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லாத குடும்பம் தெற்கு டர்பனில் குறைவு, ஆகவே அதன் உழைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இஎஸ் வைத்திருப்பவர்கள் மாற்ற நினைப்பது இரண்டு. 2021இல் புதுப்பிப்பதற்கு முந்தைய வண்டிகளில் திரையைத் தொட முடியாது, நடுவில் இருக்கும் தடவுபலகையில் விரலை ஓட்டி அம்புக்குறியைத் துரத்தவேண்டும். இரண்டாவது, ஸ்டியரிங்கில் உயிர் இல்லை. வளைவில் ஓட்டி மகிழ்பவர்களுக்கு ஏமாற்றம்தான். இஎஸ் 250இன் 2.5 லிட்டர் எஞ்சினில் டர்போ இல்லை, ஆகவே கடற்கரை ஊரான டர்பனில் முழு வலுவோடு இழுக்கும் வண்டி, 1700 மீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கும் ஜோகனஸ்பர்க்கில் கொஞ்சம் மூச்சு வாங்கும். இங்கேயே ஓட்டுபவருக்கு அது கவலையில்லை. சந்தையில் கிடைப்பதும் குறைவு, பொறுத்திருந்து தேடவேண்டும்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் செடான், ஆடி ஏ3 செடான், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூப்பே பக்கம் போகிறார்கள். சின்னம் அதேதான், வண்டி ஒரு படி சின்னது. பின்சீட்டைப் பற்றி மேலே சொன்ன எல்லாக் குறையும் இவற்றில் இரட்டிப்பாகும். பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு ஏ3 செடான் நல்ல தேர்வு. மற்றவர்கள் அதே காசுக்குச் சில ஆண்டு பழைய பெரிய வண்டியை வாங்குவதே மேல்.

யாருக்கு எது

தினமும் தனியாக ஓட்டுகிறவர், ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்கிறவர்: 2019 முதல் 2022 வரையிலான ஜி20 320ஐ. காசு போதாவிட்டால் பி48 எஞ்சின் உள்ள எஃப்30. ரன்ஃபிளாட்டை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாரக் கடைசியில் குடும்பம், மற்ற நாட்களில் அலுவலகம் என்று ஓடுகிறவர்: சமதரை வீடு என்றால் ஏ4, மேட்டு வீடு என்றால் 2018க்குப் பிந்தைய சி 200, 17 அங்குலச் சக்கரத்தோடு. இங்கே நான் ஏ4 பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை. 3 சீரிஸையும் சி கிளாஸையும் தேடி அலையும் கூட்டம் ஏ4ஐத் தேடுவதில்லை, ஆகவே அதே காசுக்கு இன்னும் புதிய, ஓட்டம் குறைந்த வண்டி கிடைக்கும். 2024இல் ஆடி அந்தப் பெயரையே ஏ5 என்று மாற்றிவிட்டது. பழைய பெயர் என்பதற்காக வண்டி கெட்டுப்போய்விடாது.

பெரியவர்கள் தினமும் பின்னால் உட்காரும் வீடு: லெக்சஸ் இஎஸ். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பணமும் காகிதமும்

வண்டியைப் பற்றிக் குறை சொல்பவர்களைவிட, வாங்கிய விதத்தைப் பற்றி வருந்துபவர்களே அதிகம். மாதத் தவணையைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கடனின் கடைசியில் ஒரு பெரிய பலூன் தொகையை வைத்துவிடுகிறார்கள். ஐந்து, ஆறு ஆண்டு கழித்து அதைக் கட்டவேண்டிய நாளில் வண்டியின் சந்தை விலை அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால், வண்டியை விற்றும் கடன் தீராது. இளம் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க மனம் பதைக்கிறது. பலூன் இல்லாமல் தவணை கட்ட முடியாத வண்டி, வாங்க முடியாத வண்டி.

பிஎம்டபிள்யூவும் ஆடியும் புதிய வண்டிக்குத் தந்த பராமரிப்புத் திட்டம் 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டர். நாம் வாங்கும் வயதில் அது முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், உத்தரவாதக் காலத்திலும் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளும் உரிமையைத் தந்திருக்கின்றன. ஆகவே திட்டம் முடிந்த வண்டியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். வாங்குவதற்கு முன்பே நம்பகமான ஒரு பட்டறையைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

டர்பன் பக்கம் வாங்குகிறவர்கள் வெள்ளத்தையும் நினைக்கவேண்டும். 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த வெள்ளத்தில் வண்டிகளும் ஏராளமாக மூழ்கின. இந்தச் சொகுசு வண்டிகளில் மின்கம்பிக் கட்டுகளும் கணினிப் பெட்டிகளும் தரைவிரிப்புக்கு அடியில் ஓடுகின்றன. தண்ணீர் புகுந்து காய்ந்த வண்டி ஓராண்டு நன்றாக ஓடி, பிறகு ஒவ்வொன்றாகக் கைவிடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிக்கித் தரைப்பலகைக்குக் கீழே ஈரவாடை வருகிறதா என்று முகருங்கள். பதிவுச் சான்றிதழில் குறியீடு (code) 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, குறியீடு 3 என்றால் திரும்பக் கட்டிய வண்டி. மூன்று என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி நடந்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்சூரன்ஸ் கட்டணத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இந்த வகை வண்டிக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்தினால்தான் காப்பீடு தருவோம் என்று பல நிறுவனங்கள் சொல்லும். அந்தக் கருவியின் மாதக் கட்டணத்தையும், டயருக்கும் ரிம்முக்கும் தனிக் காப்பு எடுத்தால் அதன் கட்டணத்தையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் வண்டியின் உண்மையான மாத விலை. மூன்று வண்டிகளுக்கும் அந்தத் தொகையை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்கப் போங்கள்.